வயிற்றை அளக்காத இதயப் பரிசோதனை: மூத்த பெண்களுக்கான ஒரு தொகுப்பைப் பற்றிய மதிப்பீடு

மதுரையில் வைகையின் வடகரையில் இயங்கும் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில், அறுபது வயதைக் கடந்த பெண்களுக்கென்று தனியாக விற்கப்படும் இதய நலத் தொகுப்பை என் தாயாருக்கும் பெரியம்மாவுக்கும் எடுத்தோம். ஒருவருக்கு 1,500 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக ஆனது. வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு வகைகள், சிறுநீரகச் செயல்பாடு, தைராய்டு, இ.சி.ஜி., இரத்த அழுத்தம், 'உடற்பருமன் மதிப்பீடு', இறுதியில் மருத்துவருடன் தொலைபேசி ஆலோசனை ஆகியவை இதில் அடங்கும். கூடத்தின் பெயரை நான் எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறை அந்த ஓர் இடத்துக்கு மட்டும் உரியதன்று. ஏறக்குறைய இதே விலையில் நகரில் விநியோகிக்கப்படும் வேறு சில துண்டறிக்கைகளைப் பார்த்தபோதும் அதே விடுபடல் இருந்தது.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். இரத்தம் எடுத்த பெண்ணின் கை பழகிய கை. நரம்பு எளிதில் கிடைக்காத பெரியம்மாவுக்கும் ஒரே குத்தில் வேலை முடிந்தது. இரத்த அழுத்தம் பார்த்த முறைதான் என்னை மிகவும் கவர்ந்தது. சாய்ந்து உட்காரும் நாற்காலியில், பாதம் தரையில் படும்படி ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரவைத்து, கையை நெஞ்சு மட்டத்துக்கு மேசைமேல் வைக்கச் சொல்லி அளந்தார்கள். பெரியம்மாவின் மேற்கை பருமனானது என்பதைக் கவனித்துப் பெரிய பட்டையை எடுத்துச் சுற்றினார்கள். பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் அழுத்தம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதை அறிந்து செயல்படும் இடங்கள் குறைவு. இ.சி.ஜி. அறைக்குத் திரை உண்டு. உள்ளே பெண் ஊழியர் மட்டுமே இருந்தார்.

உடற்பருமன் மதிப்பீடு என்ற பகுதிக்கு வந்தபோதுதான் தரம் இறங்கியது. எடையைக் கருவியில் பார்த்தார்கள். உயரத்தை வாயால் கேட்டு எழுதிக்கொண்டார்கள். "உயரம் எவ்வளவுங்கம்மா?" என்று கேட்ட இளைஞரிடம் அம்மா, பல ஆண்டுகளுக்கு முன் அலுவலகப் பதிவில் இருந்த 153 சென்டிமீட்டரைச் சொன்னார். அது அப்படியே கணினியில் ஏறியது. எடை 52 கிலோ. உயரத்தின் வர்க்கத்தால் எடையை வகுத்து வரும் உடல் நிறை குறியீட்டெண் 22.2 என்று அறிக்கை காட்டி, பக்கத்தில் பச்சை வட்டம் போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து சுவரோரம் நிறுத்தி, தலைமேல் தட்டையான அட்டையை வைத்து அளந்தால் அம்மாவின் உயரம் 148 சென்டிமீட்டர்தான். அந்த உயரத்துக்குக் குறியீட்டெண் 23.7 ஆகிறது.

இந்த ஐந்து சென்டிமீட்டரைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியாது. வயது ஏற ஏற முதுகெலும்பின் வட்டுகள் தேய்வதாலும், எலும்புத் தேய்மானத்தால் முள்ளெலும்புகள் நசுங்குவதாலும் உயரம் குறைகிறது. இது பெண்களுக்குக் கூடுதலாக நேர்கிறது. இளமையில் இருந்த உயரத்திலிருந்து நான்கு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால் முதுகெலும்பையே பார்க்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் எச்சரிக்கை. ஆகவே மூத்த பெண்ணின் உயரத்தை அளக்காமல் கேட்டு எழுதுவது இரண்டு செய்திகளை ஒருசேர இழப்பதாகும். இன்னொரு சிக்கலும் உண்டு. உயரம் சுருங்கினால் கொழுப்பு ஒரு கிராம்கூடக் கூடாமலே குறியீட்டெண் உயர்ந்துவிடும். எனவே 22.2 தவறு என்றால் 23.7 முழு உண்மை என்று ஆகிவிடாது. இந்த வயதில் அந்தக் கணக்கே தள்ளாடுகிறது.

அறிக்கை பயன்படுத்திய எல்லைக்கோடும் நமக்கு உரியதன்று. 18.5 முதல் 24.9 வரை இயல்பு, 25 முதல் அதிக எடை, 30 முதல் உடற்பருமன் என்று அச்சிட்டிருந்தார்கள். இது உலகப் பொது அளவு. தெற்காசியர்களின் உடலில் அதே குறியீட்டெண்ணுக்குக் கொழுப்பு, குறிப்பாக வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு, கூடுதலாக இருப்பதால், 2009ஆம் ஆண்டு வெளியான இந்திய மருத்துவர்களின் ஒருமித்த அறிக்கை 23ஐ அதிக எடையின் தொடக்கமாகவும் 25ஐ உடற்பருமனின் தொடக்கமாகவும் வரையறுத்தது. மதுரையில் இருந்துகொண்டு மதுரைப் பெண்களுக்கு விற்கும் தொகுப்பில் இந்த எல்லை இல்லாதது வியப்பாக இருக்கிறது. மென்பொருளோடு வந்த அட்டவணையை யாரும் மாற்றவில்லை என்றே நினைக்கிறேன்.

எல்லையைத் திருத்தினாலும் பாதி வேலைதான் முடியும். மாதவிடாய் நின்ற பிறகு தொடையிலும் பிட்டத்திலும் சேர்ந்துவந்த கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேரத் தொடங்குகிறது. அதே காலத்தில் தசை கரைகிறது. தசை ஒரு கிலோ குறைந்து கொழுப்பு ஒரு கிலோ கூடினால் எடைக்கருவி அசையாது. பார்ப்பவர்களும் 'உடம்பு அப்படியே இருக்கிறது' என்பார்கள். ஆனால் வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அது கல்லீரலுக்குக் கொழுப்பு அமிலங்களை அனுப்பி, இன்சுலினின் வேலையை மந்தமாக்கி, டிரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பை உயர்த்தி, நல்ல கொழுப்பான எச்.டி.எல்.லைக் குறைக்கிறது. கால்களில் தங்கும் கொழுப்புக்கு இந்தக் குணம் இல்லை. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற பெண்களை நீண்ட காலம் தொடர்ந்து கவனித்த பெண்கள் நல முன்னெடுப்பு ஆய்வின் தரவுகளிலிருந்து 2019இல் ஒரு முடிவு வெளிவந்தது. குறியீட்டெண் இயல்பாகவே இருந்த பெண்களில், உடற்பகுதியில் கொழுப்பு மிகுந்தும் கால்களில் குறைந்தும் இருந்தவர்களுக்கு இதய, இரத்தக்குழாய் நோய்கள் வரும் இடர், அதற்கு நேர்மாறான அமைப்புடையவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. அதற்கு முன்பே, 52 நாடுகளில் நடந்து 2004இல் முதல் முடிவுகள் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, மாரடைப்பை முன்னுணர்த்துவதில் குறியீட்டெண்ணைவிட வயிற்றுக்கும் பிட்டத்துக்குமான விகிதம் வலுவானது என்று காட்டியிருந்தது.

இவ்வளவும் தெரிந்த பின்னும் தொகுப்பில் வயிற்றுச் சுற்றளவு இல்லை. கேட்டதற்கு, "அது பேக்கேஜ்ல வராது மேடம், மெஷின்லயே உள்கொழுப்பு வந்துரும்" என்று பதில் வந்தது.

அந்தக் கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் தொகுப்பின் விளம்பரமே அதன்மீதுதான் நிற்கிறது. வெறுங்காலுடன் உலோகத் தகட்டின்மேல் ஏறி நின்றால், உணர முடியாத அளவு சிறிய மின்னோட்டம் ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்கும். தண்ணீர் மிகுந்த தசை மின்சாரத்தை எளிதில் விடும், கொழுப்பு தடுக்கும். அந்தத் தடையின் அளவோடு உயரம், எடை, வயது, பாலினம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு சூத்திரம் கொழுப்பு விழுக்காட்டைக் கணக்கிடுகிறது. கருவி நேராக அளப்பது தடையை மட்டுமே; அச்சில் வரும் மற்ற எண்களெல்லாம் சூத்திரத்தின் ஊகங்கள். கால்களுக்கிடையே மட்டும் மின்னோட்டம் பாயும் கருவியில் அது வயிற்றின் ஊடாகப் பெரிதும் செல்வதில்லை என்பதால், 'உள்ளுறுப்புக் கொழுப்பு நிலை 8' என்று அது சொல்லும் எண் ஊகத்தின்மேல் எழுந்த ஊகம். அம்மாவின் உயரத்தை ஐந்து சென்டிமீட்டர் கூட்டிக் கொடுத்ததால் சூத்திரம் அவருக்கு இல்லாத தசையைச் சேர்த்துக் கொழுப்பைக் குறைத்துக் காட்டியிருக்கும். பெரியம்மா இரத்த அழுத்தத்துக்கு எடுத்துக்கொள்ளும் அம்லோடிபின் மாத்திரையால் மாலையானால் கணுக்கால் வீங்கும். தேங்கிய நீரையும் கருவி தசையின் கணக்கில் சேர்த்துவிடும். பித்தவெடிப்பும் தடித்த தோலும் உள்ள பாதங்களில் தகடு சரியாகப் படுவதில்லை. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இதில் ஏறவே கூடாது, ஆனால் ஏற்றுவதற்கு முன் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. இதை நான் குறை என்று மட்டும் சொல்லமாட்டேன். ஆபத்தான அலட்சியம் என்பேன்.

வீட்டில் நாங்கள் அளந்த எண்களை இங்கே தருகிறேன், இரண்டு உடல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். அம்மாவுக்கு வயது 66. எடை 52, உயரம் 148, வயிற்றுச் சுற்றளவு 91, பிட்டச் சுற்றளவு 94. பெரியம்மாவுக்கு வயது 71. எடை 70, உயரம் 156, வயிறு 84, பிட்டம் 106. அறிக்கை பெரியம்மாவின் குறியீட்டெண்ணை 28.8 என்று கணித்து மஞ்சள் வட்டம் போட்டு, பத்து கிலோ குறைக்கச் சொன்னது. அம்மாவுக்குப் பச்சை. உறவினர்கள் கண்ணுக்கும் அப்படித்தான்: அம்மா ஒல்லி, பெரியம்மா குண்டு. அளவு நாடா வேறு கதை சொல்கிறது. தெற்காசியப் பெண்களுக்கு வயிற்றுச் சுற்றளவின் எல்லை 80 சென்டிமீட்டர். இருவருமே அதைத் தாண்டியவர்கள், ஆனால் அம்மா வெகுதூரம் தாண்டியிருக்கிறார். வயிற்றுக்கும் பிட்டத்துக்குமான விகிதம் பெண்களுக்கு 0.85க்குள் இருக்க வேண்டும், பெரியம்மாவுக்கு 0.79, அம்மாவுக்கு 0.97. வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்ற எளிய விதியின்படி பெரியம்மா 0.54, அம்மா 0.61.

இனி இரத்த முடிவுகளைப் பார்க்கலாம். அம்மாவின் டிரைகிளிசரைடு 168. அறிக்கை அதை 'எல்லையில்' என்று குறித்தது. எச்.டி.எல். 44, ஆண் பெண் இருபாலருக்கும் பொதுவாக 40 என்ற எல்லையை அச்சிட்டிருந்ததால் அதை 'இயல்பு' என்றது. பெண்களுக்கு அந்த எல்லை 50 என்பதால் 44 குறைவே. சர்க்கரை 97, அழுத்தம் 126/78, இரண்டும் சரி. வளர்சிதை மாற்றக் கோளாறுத் தொகுதி என்று மருத்துவர்கள் கூறும் நிலைக்கு ஐந்து அளவுகளில் மூன்று பிசகியிருக்க வேண்டும்: வயிறு, டிரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல், பெண்களுக்கு எச்.டி.எல். 50க்குக் கீழ், அழுத்தம் 130/85 அல்லது அதற்கு மேல், வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல். அம்மாவுக்கு இரத்தம் சொன்னவை இரண்டு. மூன்றாவது வயிறு. அதை அளக்காத வரையில் அவர் பச்சை வட்டத்துக்குள் நிம்மதியாக இருந்திருப்பார். மாதாமாதம் பணம் கட்டி எடுக்கும் பரிசோதனை அன்று என்பதால், அடுத்த ஆண்டு வரைக்கும் அந்த நிம்மதி நீடித்திருக்கும்.

பெரியம்மாவுக்கு இடர் இல்லை என்று நான் சொல்லவில்லை. அழுத்தம் 142/86, மாத்திரை எடுத்தும் அவ்வளவு. அவருக்கு முதல் வேலை அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவருவது. தொலைபேசியில் பேசிய மருத்துவர் அதைத் தொட்டுவிட்டு, இரவுச் சோற்றை நிறுத்தி எடையைக் குறைக்குமாறு நீண்ட நேரம் அறிவுறுத்தினார். எழுபது வயதைக் கடந்தவர் புரதத்தைக் கூட்டாமலும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்யாமலும் சோற்றை மட்டும் குறைத்து எடை இழந்தால், கொழுப்போடு தசையும் எலும்பின் வலுவும் சேர்ந்து போகும். குளியலறையில் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும் வயது அது. இந்தப் பக்கத்தைப் பற்றி ஆலோசனையில் ஒரு சொல் இல்லை. "பேசுனாரு, நல்லாத்தான் பேசுனாரு, என்னைய ஒண்ணும் கேக்கலையே" என்றார் பெரியம்மா. ஆலோசனையைப் பற்றி அதைவிடச் சரியாக என்னால் எழுத முடியாது.

கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் பல இருந்தன. பதிவுப் படிவத்தில் 'நெஞ்சுவலி உண்டா' என்ற ஒரே வினாதான் இருந்தது. மூத்த பெண்களுக்கு இதயக் கோளாறு படியேறும்போது மூச்சு வாங்குவதாகவும், காரணமில்லாத அசதியாகவும், தாடையிலோ மேல்முதுகிலோ வலியாகவும், குமட்டலாகவும் தலைகாட்டுவதுண்டு. நம் வீடுகளில் அதை வாயுப்பிடிப்பு என்று ஓமத் தண்ணீர் கொடுத்துப் படுக்கவைக்கும் வழக்கம் இன்னும் இருப்பதால், இந்தக் கேள்விகள் மதுரையில் கட்டாயம் கேட்கப்பட வேண்டியவை. மாதவிடாய் எந்த வயதில் நின்றது, பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது அழுத்தமோ சர்க்கரையோ கூடியதா என்பவையும் பின்னாளைய இதய இடரோடு தொடர்புடையவை. பெண்களுக்கென்றே தனித் தொகுப்பு என்று விளம்பரம் செய்துவிட்டு, தாளில் ரோஜா நிறம் பூசியதைத் தவிர வேறு எந்த வேறுபாடும் செய்யவில்லை.

விடுபட்டதை நிரப்ப ஆகும் செலவு, மதுரைத் தையற்காரர்கள் கழுத்தில் தொங்கவிட்டிருக்கும் நாடாவின் விலைதான். ஒரு பக்கம் அங்குலமும் மறுபக்கம் சென்டிமீட்டரும் உள்ள 150 சென்டிமீட்டர் நாடா போதும். துணி நாடா நாளடைவில் இழுபட்டு நீளும் என்பதால் புதிதாக வாங்கி, எஃகு அளவுகோலோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த முறைப்படி, கடைசி விலா எலும்பின் கீழ்விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், தரைக்கு இணையாக நாடாவைச் சுற்ற வேண்டும். பாதங்களை அருகருகே வைத்து, கைகளைத் தளர்வாகத் தொங்கவிட்டு, இயல்பாக மூச்சை வெளியே விட்டு முடிக்கும் தருணத்தில் எண்ணைப் படிக்க வேண்டும். நாடா தோலை அழுத்தக் கூடாது, தொங்கவும் கூடாது.

புடவை கட்டுபவர்களுக்கு இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. பாவாடை நாடா விழும் இடம் இந்த நடுப்புள்ளி அன்று. வயிறு முன்தள்ளிய பிறகு பெரும்பாலோர் நாடாவை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டுகிறார்கள். அந்தத் தழும்பின்மேல் அளந்தால் கிடைப்பது வேறொரு சுற்றளவு. கொசுவத்தின் மடிப்புகளுக்கு மேலாக அளந்தால் துணியும் எண்ணிக்கையில் சேரும். ஆகவே கொசுவத்தை எடுத்துவிட்டு, பாவாடையைத் தளர்த்தித்தான் அளக்க வேண்டும். ஆண் ஊழியர் முன்னால் எந்த அம்மாவும் இதற்கு ஒப்பமாட்டார், ஒப்ப வேண்டியதும் இல்லை. ஆனால் இந்தக் கூடத்தில் திரை போட்ட அறையும் பெண் ஊழியரும் இ.சி.ஜி.க்காக ஏற்கெனவே இருந்தார்கள். இன்னும் இரண்டு நிமிடம் போதும்.

நாடாவும் எல்லாருக்கும் பொருந்தும் கருவி அன்று. முதுகு நன்றாக வளைந்துவிட்டவர்களுக்கு விலா எலும்பு இடுப்பெலும்பின்மேல் வந்து உட்கார்ந்துவிடும். நடுப்புள்ளி என்று ஒன்று இருக்காது. குடலிறக்கம், கருப்பைக் கட்டி, வயிற்றில் நீர்கோத்தல் உள்ளவர்களுக்கு எண் கொழுப்பைக் காட்டாது. அப்படிப்பட்டவர்களுக்கு நாடாவை விட்டுவிட்டு, அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, நடக்கும் திறன் ஆகியவற்றைக் கொண்டே மருத்துவர் முடிவெடுக்க வேண்டும்.

தனியார் தொகுப்பு விட்டுவிட்ட இந்த அளவை அரசின் படிவம் விடவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். 30 வயதைக் கடந்தவர்களுக்காகத் தேசியத் தொற்றாநோய்த் திட்டத்தில் களப்பணியாளர் நிரப்பும் பட்டியலில் பெண்களின் வயிற்றுச் சுற்றளவு 80 சென்டிமீட்டர் வரை இருந்தால் மதிப்பெண் இல்லை. 81 முதல் 90 வரை ஒன்று. 90க்கு மேல் இரண்டு. அந்தக் கணக்கில் அம்மாவுக்கு இரண்டு கிடைத்திருக்கும். எதிர்ப்புறத்தில், 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரின் குறியீட்டெண் 25 அல்லது அதற்கு மேல் என்று கண்டாலும், அது கணக்கெடுத்தது 15 முதல் 49 வயது வரையிலான பெண்களை மட்டுமே. எங்கள் அம்மாவும் பெரியம்மாவும் அந்த எண்ணுக்குள் இல்லை.

அறிக்கையில் பத்தாண்டு இதய இடர் விழுக்காடும் இல்லை. வயது, பாலினம், புகைப்பழக்கம், அழுத்தம், சர்க்கரை நோய், மொத்தக் கொழுப்பு ஆகியவற்றைக் கொண்டு 40 முதல் 74 வயது வரையிலானவர்களுக்கு இடரைக் கணிக்கும் அட்டவணைகளை உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் தெற்காசியாவுக்கென்று தனியாக வெளியிட்டது. தேவையான எண்கள் எல்லாமே கூடத்தின் கையில் இருக்கின்றன; கட்டத்தைத் தேடி விரலை வைத்தால் போதும். பதினான்கு பக்க வண்ண அறிக்கையில் அதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

மறுபடியும் இங்கே போவேனா என்றால், இரத்தப் பரிசோதனைக்கும் அழுத்தத்துக்கும் தயங்காமல் போவேன். உடற்பருமன் பகுதியைக் கழித்துவிட்டுக் கட்டணத்தைக் குறைக்க முடியுமா என்று மேலாளரிடம் கேட்டேன். தொகுப்பைப் பிரித்துத் தர இயலாது என்றார். வயிற்றுச் சுற்றளவைச் சேர்க்கலாமே என்றதற்கு, குறித்துக்கொள்வதாகச் சொன்னார். தனித்தனியாக எடுத்தால் செலவு கூடும் என்பதால் அடுத்த முறையும் இதே தொகுப்பைத்தான் எடுப்போம். போகும் அன்று காலையில் வீட்டிலேயே உயரத்தை அளந்து எழுதிக்கொண்டு போய், பதிவு செய்பவரிடம் அந்த எண்ணைக் கொடுக்கலாம். வயிறு, பிட்டம் இரண்டின் சுற்றளவையும் அறிக்கையின் முதல் பக்கத்தில் பேனாவால் எழுதி, தொலைபேசி ஆலோசனையோடு நிறுத்திக்கொள்ளாமல், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் நேரில் காட்டலாம். எங்கள் மருத்துவர் வண்ண வட்டங்களை விட்டுவிட்டு, பேனாவால் எழுதிய அந்த இரண்டு எண்களில் தொடங்கித்தான் அம்மாவிடம் பேசினார்.